எனக்கென்று ஒரு ஆணி

குட்டியானை வண்டியிலிருந்து அதை இறக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். எட்டடி நீளம், சுற்றித் தார்ப்பாய், நாலு இடத்தில் கயிறு. முன்பக்கம் என் கணவர் பிடித்திருந்தார், பின்பக்கம் வண்டிக்காரர்.

"யாருக்குங்க பாக்ஸு? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?" என்றார் அண்ணன்.

எங்கள் திண்டிவனத்துத் தெருவில் அந்த நீளத்துக்கு ஒரு பொருள் குட்டியானையில் வந்து இறங்கினால் அது ஃப்ரீஸர் பாக்ஸ்தான். யாரோ போய்விட்டார்கள், சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை உடம்பை வைக்க வேண்டும் என்று அர்த்தம். அவர்மேல் தப்பில்லை. ஆனால் அன்று நான் இருந்த இருப்பில் யார் என்ன கேட்டிருந்தாலும் கடித்துத்தான் வைத்திருப்பேன்.

"எனக்குத்தாண்ணா. நான் இன்னும் போவல. போறப்ப சொல்லி அனுப்புறேன்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. என் கணவர் அவசரமாக, "கடல்ல அலைமேல ஏறி நிக்கிற பலகைண்ணா" என்று விளக்கினார். அண்ணன் தார்ப்பாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவங்களா ஏறப் போறாங்க?" என்று அவரிடமே கேட்டார். நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நாற்பத்து நாலு வயதில் என் முதல் சர்ஃப் போர்டு இப்படித்தான் வீட்டுக்கு வந்தது. கூடவே ஒரு கவரில் வெட்சூட், அதாவது கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற ரப்பர் உடுப்பு. ஆசைப்பட்டு வாங்கியிருப்பேன் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபத்தில் வாங்கினேன். அந்தக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு அவசரமும் இல்லை.

எனக்கு உடம்பில் வெண்புள்ளி இருக்கிறது. பத்தொன்பது வயதில் உதட்டோரம் ஒரு பொட்டு அளவுக்கு வந்தது. இப்போது கை, கழுத்து, தோள், முதுகு, கால் என்று உடம்பில் பாதிக்கு அதுதான். வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. வெயில் பட்டால் மட்டும் அந்த இடம் சுட்டுக் கன்றிவிடும். ஒட்டாது, ஒட்டாது என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேய்ந்தது. கல்யாணமாகி வந்த வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர், ஒரு தட்டு வைத்திருந்தார் மாமியார். "உனக்குன்னு புதுசா வாங்கினு வந்தேன்" என்று பரிசு கொடுப்பதுபோல் நீட்டினார். நானும் அப்போது வாங்கிக்கொண்டேன்.

நீச்சல் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பிறந்தது திருவெண்ணெய்நல்லூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டுவார்கள். பெண்ணையாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதிலேயே கிடப்போம். புள்ளி வந்த பிறகு அம்மா மணிக்கட்டு வரைக்கும் கை வைத்து ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். ஆற்றுப்பக்கம் போகக் கூடாது, நாலு பேர் பார்ப்பார்கள் என்றார். அத்தோடு தண்ணீர் என் வாழ்க்கையில் வாளிக்குள் அடங்கிவிட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன் கோட்டக்குப்பம் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீடு மந்திரிப்புக்கு, அதாவது பாதிரியார் வந்து புது வீட்டை ஆசீர்வதிக்கிற விசேஷத்துக்குப் போனோம். பிரியாணி சாப்பிட்டுவிட்டு நானும் கணவரும் கடற்கரைக்கு நடந்தோம். சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு கீற்றுக்கொட்டகை, அதில் வரிசையாகப் பலகைகள். தண்ணீரில் ஒரு பெண் பலகைமேல் குப்புறப் படுத்தபடி அலையோடு கரைக்கு வந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் நேராகக் கொட்டகைக்குப் போய்க் கேட்டேன். கற்றுக்கொடுப்பவருக்கு முப்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

"நீச்சல் தெரியுமா மேடம்? அப்ப வாங்க. வயசெல்லாம் ஒரு விஷயமே இல்ல. அலைக்கு இன்னா தெரியும் உங்க வயசு?" என்றார்.

அந்த ஒரு பதிலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டி பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ மாறிப் போவேன். பூசைக்கு யார் போவது என்று கணவர் கேட்டார். சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய்விட்டேன், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்றேன். அவர் பாவம், கூடவே வந்து சவுக்கு நிழலில் உட்கார்ந்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரித்துத் தின்றுகொண்டிருப்பார்.

கொட்டகையில் ஒரு நீளமான இரும்புக் கம்பி. வெட்சூட்டுகள் எல்லாம் அதில்தான் தொங்கும். எங்கள் கடல் ஒன்றும் குளிராது. வெயிலுக்கும் ஜெல்லி மீனுக்கும் என்று மெல்லியதாக வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கம்பி. கரைக்கு வந்ததும் கழற்றி, நல்ல தண்ணீர் நிரப்பிய ஒரு நீல டிரம்மில் முக்கி அலசி, திரும்பக் கம்பியில் போட வேண்டும். எனக்கு அந்த உடுப்பு இரட்டைச் சவுகரியம். வெயில் படாது, வெள்ளையும் தெரியாது. மூன்றாவது வாரம் ஒரு அலை என்னைப் படுத்தபடியே தூக்கிக் கரைவரை கொண்டுவந்து விட்டது. மணலில் முட்டி நின்ற பலகைமேல் கிடந்து நான் பைத்தியம் மாதிரி சிரித்தேன். எழுந்து நிற்க வேண்டும், ஒரே ஒரு தடவையாவது நின்றுகொண்டே கரைக்கு வர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நாலாவது வாரம் மாஸ்டர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. போன வாரம் நீங்க சூட்டைக் கழட்டறப்ப ஒரு கெஸ்ட்டு பார்த்துட்டாங்க. டிரம்முல வேற முக்குனீங்களா, ஒரு மாதிரி ஃபீல் பண்றாங்க. எல்லாரும் போடறது பாருங்க. நீங்க சொந்தமா ஒண்ணு வாங்கிக்கினா உங்களுக்கும் ஃப்ரீயா இருக்கும்."

எனக்கு ஒண்ணும் இல்ல. என்னை ஒதுக்கிவைத்த ஒவ்வொருவரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். மாமியாருக்கு ஒன்றும் இல்லை, வருகிற விருந்தாளிகளுக்காகத்தான். என்னை டீச்சர் வேலைக்கு எடுக்காத பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சருக்கு ஒன்றும் இல்லை, பிள்ளைகளின் பெற்றோர்களுக்காகத்தான். இத்தனை பேருக்கும் ஒன்றுமே இல்லை என்றால் அந்த ஒன்று யாரிடம்தான் இருக்கிறது? கேட்டிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது "சரிங்க தம்பி" மட்டும்தான். நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு அப்பா போகாமல் விட்ட டீக்கடை ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்க் கடையில் எங்கள் தெரு ஆட்களுக்கு டம்ளர் தனி. கூரையில் செருகி வைத்திருப்பார்கள். கேஸ் வரும் என்று பயம் வந்த பிறகு கடைக்காரர் வேறு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கொரு டம்ளரை வீட்டிலிருந்தே எடுத்துவாருங்கள், சுத்தமாக இருக்கும் என்றார். சில பேர் எடுத்துப் போனார்கள். அப்பா போகவில்லை. "நம்ம காசுல டம்ளரு, அவனுக்கு வசதி" என்றார். சாகும்வரை அந்தக் கடையில் அவர் டீ குடிக்கவில்லை.

அப்பாவால் டீயை விட முடிந்தது. என்னால் கடலை விட முடியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். போகாமல் இருந்தால் அந்தக் கெஸ்ட் ஜெயித்த மாதிரி. சொந்தமாக வாங்கிப் போனால் மாஸ்டருக்கு வசதி செய்து கொடுத்த மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கன்னத்தில்தான் அறை. இரண்டு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு, வாங்குவது என்றால் முழுசாக வாங்குகிறேன், உடுப்பும் வாங்குகிறேன், பலகையும் வாங்குகிறேன், அந்தக் கொட்டகையின் துரும்பைக்கூடத் தொட மாட்டேன் என்று கிளம்பினேன்.

எனக்கு வேலை விழுப்புரத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்கிற நேரமெல்லாம் போனில் சர்ஃப் போர்டு வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். புதிதாகக் கற்பவர்களுக்கு நீளமாக, அகலமாக, தடியாக இருக்க வேண்டும், மேலே மெத்தென்று ஃபோம் இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீரில் ஆடாமல் நிற்கும், மண்டையில் பட்டாலும் உடைக்காது. இது வரைக்கும் எல்லா வீடியோவும் ஒரே பேச்சு. பக்கத்து சீட்டு அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "கதவு போடறீங்களா வீட்டுக்கு?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பாண்டியில் ஒரு கடை. விற்பனையாளர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பிறகு என் கணவரிடமே பேசினார்.

"சார், மேடமுக்கு இது போதும் சார். லேடீஸ் மாடல். வெயிட்டே இல்ல."

ரோஸ் கலரில், கூர் மூக்கோடு, ஐந்தரை அடிக்கு ஒரு பலகை. பார்க்க மீன் மாதிரி அழகாக இருந்தது. அதில் ஏறினால் என்னோடு சேர்ந்து முழுகிவிடும்.

"இது ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு. எனக்கு எட்டடி ஃபோம் போர்டு காட்டுங்க" என்றேன்.

"அது ஆம்பளைங்களுக்கு சார்" என்றார் அவர், கணவரைப் பார்த்து.

"பேசினது நான்" என்றேன். "இவருக்குக் கடல்ல கால் நனைக்கவே பயம். என்கிட்டச் சொல்லுங்க."

கணவர் தலையை ஆட்டினார். அவர் அதில் எப்போதும் நேர்மையானவர். எட்டடிப் பலகை வந்தது, மங்கின மஞ்சள் நிறம். அகலம் பார்த்தேன், கை போட்டு அணைத்துப் பார்த்தேன், அக்குளுக்குள் அடங்கியது. தரையில் ஒரு பாயை விரிக்கச் சொல்லி, பலகையை அதன்மேல் போட்டு, கடைக்கு நடுவில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். சேலையோடுதான். விற்பனையாளர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பலகை சரியாக இருந்தது. அதில் நான் ஏமாறவில்லை.

உடுப்பில்தான் ஏமாந்தேன். டிரையல் ரூமில் என் அளவை மாட்டுவதற்குள் வியர்த்து ஊற்றிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் இடுப்பு, தொடை, வயிறு என்று எல்லாம் உள்ளது உள்ளபடி தெரிந்தது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து கணவரிடம் காட்டினேன்.

"ரொம்ப இறுக்கிப் புடிக்குதேமே. ஒரு சைஸு பெருசா எடு, மூச்சு விடவாவது எடம் வேணாமா?" என்றார்.

விற்பனையாளரும், "லூசாவே எடுத்துக்கங்க மேடம், கம்ஃபர்ட்டா இருக்கும்" என்றார். அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். அந்தப் பெரிய சைஸ்தான் அவர் கடையில் விற்காமல் கிடந்தது என்று பிறகுதான் புரிந்தது.

எங்கள் வீடுகளில் துணி என்றால் ஒரு சைஸ் பெரிசுதான். பள்ளிக்கூட யூனிஃபார்ம் வளர்வதற்கு இடம் விட்டு எடுப்பார்கள், வளர்ந்து முடித்த பிறகும் அதே பழக்கம் நிற்காது. ஜாக்கெட் தைத்தால் உள்ளே இரண்டு விரல் துணி மடித்து விடச் சொல்லுவோம், பிற்பாடு பிரித்துக்கொள்ளலாம் என்று. எனக்கோ மற்றவர்களைவிட இன்னும் ஒரு பங்கு சேர்த்து. லூசாக இருந்தால்தான் மறைக்கும். அந்தப் பழக்கத்தில் பெரிய சைஸை எடுத்துக்கொண்டு வந்தேன். இடுப்பில் கை நுழைகிற அளவுக்கு இருந்தது. நல்ல தாராளமாக இருக்கிறது என்று சந்தோஷம் வேறு.

வீட்டில் பலகைக்கு இடமில்லை. பீரோ தலையிலிருந்து சமையலறைக் கதவு வரைக்கும் சாய்த்து வைத்தோம். ஒரு வாரம் கணவர் குனிந்து குனிந்தே காபி குடிக்கப் போனார். அதைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார், "மேடம், இது டிக்கெட்டே இல்லாம நாலு பேரு" என்றார். வேறு வழியில்லாமல் இன்னொரு தடவை குட்டியானை வைத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். கொட்டகையின் துரும்பைத் தொட மாட்டேன் என்ற என் சபதம் முதல் நாளே கொட்டகையில் பலகை வைக்க இடம் கேட்டு நின்றது.

மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர் மேடம், செம போர்டு. இங்கியே வச்சுக்கங்க, பேஜாரே இல்ல" என்றார். நான் வருவதற்கு முன்பே எல்லாம் யோசித்து வைத்திருந்தார். கொட்டகையின் கடைசிக் கால், டீ போடுகிற அடுப்படிப் பக்கம், அதில் ஒரு புது ஆணி அடித்திருந்தார். கீழே ஒரு சிவப்பு பக்கெட்.

"இது உங்களுக்குன்னு தனியா. யாரும் தொட மாட்டாங்க" என்றார்.

பெருமையாகத்தான் சொன்னார். அவருக்கு அது மரியாதை. அந்த ஆணியைப் பார்த்ததும் எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. டம்ளர், தட்டு, இப்போது ஆணி, பக்கெட். நான் போகிற இடமெல்லாம் ஒருத்தர் முன்கூட்டியே போய் எனக்கென்று ஒன்றை வாங்கி வைத்துவிடுகிறார். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடு, தண்ணிக்குள்ள போ" என்றார். போனேன்.

தண்ணீருக்குள் அந்தத் தாராளமான உடுப்பு தன் வேலையைக் காட்டியது. முதல் அலையிலேயே கழுத்து வழியாகக் கடல் உள்ளே வந்தது. கையை வீசித் துடுப்புப் போட்டால் இரண்டு கையிலும் ஒவ்வொரு குடம். முழங்காலை மடக்கினால் மடங்கவில்லை, தொடைக்குள் தண்ணீர் குலுங்கியது. எழுந்து நிற்க உந்தியபோது உடுப்பு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். புரட்டி எடுத்து மணலில் போட்டது அலை. மூக்கெல்லாம் உப்பு. எழுந்து நின்றால் இரண்டு காலும் யானைக்கால் மாதிரி வீங்கி நிற்கிறது. கரையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மாஸ்டர் ஓடிவந்து என் முன்னால் மண்டியிட்டு, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கையாலும் அழுத்தித் தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்றினார். கால் விளிம்பை விரலால் விலக்கிப் பிடித்தார். வெள்ளைப் பாதம் அவர் கையிலேயே இருந்தது. அருவருப்போ தயக்கமோ அவர் முகத்தில் இல்லை. அதைக் கவனித்தேன், மனதில் வைத்துக்கொண்டேன்.

"இது இன்னா மேடம், நைட்டி மாதிரி எடுத்துக்கினு வந்துட்டீங்க? இது ஒடம்போட ஒட்டிக்கினு இருக்கணும். ஒரு விரல் நுழையக் கூடாது. யாரு குடுத்தா உங்களுக்கு?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனோம். போட்ட துணியைத் திருப்பி எடுப்பதில்லை என்றார் விற்பனையாளர். இந்தத் தடவையும் கணவரிடம்தான். "லூசா எடுக்கச் சொன்னது நீங்க" என்றேன். கேட்காததுபோல் இருந்தார். நான் டிரையல் ரூமுக்குப் போய் அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நேராகக் கடை வாசல் படியில் இறங்கி நின்றேன். பக்கத்து ஜூஸ் கடையில் ஒரு பக்கெட் தண்ணீர் வாங்கி வரும்படி கணவரிடம் சொன்னேன்.

"இன்னாத்துக்கு?"

"கழுத்துல ஊத்துங்க."

இருபது வருடத்தில் நான் அவரிடம் கேட்ட எதையும் அவர் இவ்வளவு ஜல்தியாகச் செய்ததில்லை. பக்கெட் முழுக்க உள்ளே போயிற்று. வயிறு, தொடை, கால் எல்லாம் உப்பி, நான் தெருவில் தண்ணீர் லாரி மாதிரி நின்றேன். சனிக்கிழமைக் கூட்டம். வருகிறவர் போகிறவர் எல்லாம் நின்றார்கள். "இதுதான் இந்தக் கடையில குடுத்த சைஸுங்க. இதைப் போட்டுக்கினு கடல்ல எறங்கினா பொணம்தான் கரைக்கு வரும்" என்று நிதானமாகச் சொன்னேன். கடைக்குள் பலகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி தங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். விற்பனையாளர் என்னைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, "உள்ள வாங்க மேடம், மாத்திக்கலாம்" என்றார்.

இந்தமுறை நானே தேர்ந்தெடுத்தேன். கழுத்தில் விரல் விட்டுப் பார்த்தேன், முதுகை வளைத்தேன், குந்தி உட்கார்ந்து எழுந்தேன், கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். முதுகுக் குழியில் காற்று நிற்காத ஒன்று கிடைத்தது. கண்ணாடியில் வயிறு தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டேன். அதை மாட்டுவது ஒரு பெரிய வேலை. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரைப் பாதத்தில் போட்டுக்கொண்டு காலை விட்டால் வழுக்கிக்கொண்டு ஏறும். அதை வீடியோவில் கற்றேன்.

பிறகு வந்த வாரங்களில் ஒருநாள் எழுந்து நின்றேன். அரை நிமிடம்கூட இருக்காது. கரையில் கணவர் மல்லாட்டைப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் கரைக்கு வந்து உடுப்பைக் கழற்றி, சிவப்பு பக்கெட்டில் அலசி, அந்த ஆணியில் மாட்டினேன் பாருங்கள், அப்போது அந்தச் சந்தோஷத்தில் பாதி வடிந்துவிட்டது. கடல் என்னைத் தூக்கி நிறுத்துகிறது, கரை என்னைத் தள்ளி வைக்கிறது. கம்பியில் எல்லோருடையதும் தோளோடு தோள் உரசித் தொங்கும். என்னுடையது அடுப்புப் புகையில் தனியாகத் தொங்கும்.

போன பொங்கல் லீவில் ஒரு ஞாயிறு. சென்னையிலிருந்து ஒரு கூட்டம் வந்திறங்கியிருந்தது. கொட்டகையில் நிற்க இடமில்லை. நான் ஆணியிலிருந்து உடுப்பை எடுத்துக் கவரைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மேடம், ஒரு ஹெல்ப். அந்தக் குரூப்புல ஒரு மேடமுக்கு சைஸே இல்ல. உங்க சூட்டு கரெக்டா இருக்கும். ஒரு மணி நேரம் குடுங்களேன், ப்ளீஸ்."

நான் அவரையே பார்த்தேன். விளையாடவில்லை. அவருக்கு மறந்தே போயிருந்தது. எந்த வார்த்தையை நான் மாதக்கணக்கில் பஸ்ஸிலும் ஆபீஸிலும் சமையலறையிலும் தூக்கிக்கொண்டு அலைந்தேனோ, அந்த வார்த்தை அவர் ஞாபகத்திலேயே இல்லை. என் கால் அவர் கையில் இருந்தபோது அவர் முகம் ஏன் மாறவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லைதான். ஒன்றும் இல்லாமலேயே என்னைத் தள்ளி வைத்தார், அது அவருக்குச் சுலபமாக இருந்ததால். பயந்து ஒதுக்கியிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன் என்று தோன்றியது.

"தம்பி, எல்லாரும் போடற சூட்டு பாருங்கன்னு சொன்னீங்களே. நான் போட்டதை அவங்க போட்டா ஒரு மாதிரி ஃபீல் பண்ண மாட்டாங்களா?" என்றேன்.

அவர் காது சிவந்துவிட்டது. "அது வந்து மேடம், அன்னிக்கு…" என்றார்.

நான் உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனேன். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், கண்ணாடி போட்டிருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிக் காட்டினேன்.

"இது நான் போடற சூட்டுங்க. ஒடம்பு முழுக்க எனக்கு இப்படித்தான். இது ஒட்டாது. இதைத் தெரிஞ்சிக்கினு போடறதுன்னா போடுங்க."

அந்தப் பெண் என் கையைப் பார்த்தார், பிறகு உடுப்பை வாங்கி இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"இவ்ளோ டைட்டா இருக்கே. எனக்கு ஏறுமா?" என்றார்.

அவருடைய கவலை அதுதான். "ஏறும்ங்க. இந்தக் கவரைக் கால்ல போட்டுக்கினு ஏத்துங்க" என்று என் காலிலிருந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றிக் கொடுத்தேன்.

திரும்பி மாஸ்டரிடம் வந்தேன். "இப்ப எனக்கு சூட்டு இல்ல. கம்பியிலேருந்து ஒண்ணு குடுங்க."

"மேடம், அதுல ஒண்ணுதான் இருக்குது. பெரிய ஆம்பளை சைஸு. உங்களுக்குத் தொளதொளன்னு கெடக்கும்."

"கெடக்கட்டும்."

அவர் தயங்கினார். நான் நகரவில்லை. போய் எடுத்துக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கழுத்து வழியாகக் கடல் உள்ளே வந்தது. கையில் குடம், காலில் குடம். ஒரு அலையில்கூட எழுந்து நிற்க முடியவில்லை. எல்லா அலையும் புரட்டி எடுத்து மணலில் போட்டது. திரும்பத் திரும்பப் போனேன். சற்றுத் தள்ளி அந்தக் கண்ணாடிக்காரப் பெண், இப்போது கண்ணாடி இல்லாமல், என் உடுப்பில் பலகைமேல் குப்புறப் படுத்து வீறிட்டுச் சிரித்துக்கொண்டே கரைக்குப் போனார்.

நானும் கரையேறினேன். அவர் கழற்றியதும் எங்கே மாட்டுவது என்று கேட்டார். மாஸ்டரின் கை பழக்கத்தில் கடைசிக் காலிலிருந்த ஆணியைக் காட்டத் தூக்கி, பாதியில் நின்றது. "கம்பியிலயே போடுங்க" என்றேன் நான். கம்பியின் நடுவில் போட்டார்.

நான் என்மேலிருந்த பெரிய உடுப்பைக் கழற்றினேன். சிவப்பு பக்கெட்டைத் தாண்டி நீல டிரம்முக்குப் போனேன். கூட்டம் சுற்றி நின்றது. மேல்சட்டையை மாட்டாமலேயே, தோள் வரைக்கும் துணி இல்லாத இரண்டு கையையும் டிரம்முக்குள் விட்டு, அவசரப்படாமல், உள்ளும் புறமும் திருப்பித் திருப்பி அலசினேன். மாஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் முக்காதீங்க என்று அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், பார்க்கிறேன் என்றுதான் அவ்வளவு நேரம் அலசினேன்.